திருநாள் ஆட்டமும் ஓடாத இரயிலும்

தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகியவை நெருங்கும்போது நம் நாட்டில் கே.டி.எம். இரயில் நிறுவனம் வழக்கமான வண்டிகளுக்கு மேல் கூடுதல் வண்டிகளை விடுகின்றது. பெருநாள் என்றால் மக்கள் ஊர் திரும்புவர். ஊர் திரும்புவோர்க்கு வண்டி வேண்டும். ஆகவே வண்டி பெருகும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றே நாம் எண்ணுவோம். ஆனால் இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறானது. ஆண்டின் தலையாய திருநாளாகிய கிறிஸ்துமஸ் அன்று அந்நாட்டின் இருப்புப் பாதைகள் ஏறக்குறைய முற்றிலும் ஓய்ந்து கிடக்கின்றன. மறுநாளாகிய டிசம்பர் 26ஆம் நாளிலும், ஒருசில தடங்கள் நீங்கலாக, வண்டிகள் ஓடுவதில்லை.

ஓடாவிட்டால் என்ன, மக்கள் வீட்டில் விருந்துண்டு இருக்கட்டுமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அந்த 26ஆம் நாள் இங்கிலாந்தின் காற்பந்தாட்ட நாள். தந்தையும் மகனுமாக, அண்டை வீட்டாருடன் கூட்டமாக, கழுத்தில் தம் குழுவின் நிறமுடைய துண்டைச் சுற்றிக்கொண்டு திடலுக்குச் செல்வது நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். ஆடுவோர் இருக்கின்றனர், காண்போர் இருக்கின்றனர், கொண்டு சேர்க்கும் வண்டிதான் இல்லை. இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை வரலாற்று முறையில் சிறிது ஆராய்வோம்.

டிசம்பர் 26ஐ ஆங்கிலேயர் ‘பாக்சிங் டே’ என்பர். குத்துச் சண்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேலையாட்களுக்கும் கடிதம் கொணர்வோர்க்கும் பெட்டியில் வைத்து அன்பளிப்பு வழங்கிய வழக்கத்தால் வந்த பெயர் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். ‘பெட்டி நாள்’ என்று தமிழில் கூறின் தவறாகாது. இந்நாளில் பந்தாடும் வழக்கம் மிகப் பழையது. 1860 டிசம்பர் 26 அன்று ஷெஃபீல்டு நகரின் மேற்கோரத்தில் உள்ள சாண்டிகேட் திடலில் ஷெஃபீல்டு கழகமும் ஹாலம் கழகமும் மோதின. இரு வேறு காற்பந்துக் கழகங்களுக்கிடையே நடந்த முதல் ஆட்டம் என்று வரலாற்றாசிரியர் போற்றுவது இதனையே. காற்பந்துச் சங்கம் தோன்றியது 1863இல். அதற்கும் மூன்றாண்டுகள் முந்தியது இவ்வாட்டம்.

எனினும் பெட்டி நாள் சட்டப்படி விடுமுறையானது 1871இல்தான். அவ்வாண்டு சர் ஜான் லபக் என்பாரின் முயற்சியால் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. ஈஸ்டர் திங்கள், விட்சன் திங்கள், ஆகஸ்டு முதல் திங்கள், பெட்டி நாள் ஆகிய நான்கும் இங்கிலாந்தில் விடுமுறைகளாயின. கிறிஸ்துமஸும் புனித வெள்ளியும் முன்பிருந்தே மரபு வழி விடுமுறைகளாதலின் சட்டத்தில் அவற்றைப் புதிதாக வகுக்கத் தேவையில்லாது போயிற்று. லபக் வங்கியாளர், அரசியலாளர், அவற்றோடு எறும்பையும் தேனீயையும் ஆராய்ந்த அறிஞர். வரலாறு கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் அவரை வேறு வழியில் நாள்தோறும் நினைவுகூர்கின்றனர். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நாம் பிரித்துக் கற்பிக்கின்றோமே, அப்பிரிவின் ஆங்கிலச் சொற்களை 1865இல் வழங்கியவர் அவரே. விடுமுறை பெற்ற மக்கள் நன்றி மிகுதியால் ஆகஸ்டு விடுமுறையைப் ‘புனித லபக் திருநாள்’ என்று வேடிக்கையாக அழைத்தனர்.

விடுமுறை ஒன்று இருந்தால் போதாது. அதைக் கழிக்க இடமும், இடத்தை அடைய வழியும் வேண்டும். அவ்வழியை இரயில் முன்னரே திறந்துவிட்டிருந்தது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பார் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அழைத்துச் சென்றது, சிறப்பு இரயில்களின் வரலாற்றில் பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி. அதன் பின்னர் விடுமுறை நாளில் மலிவுச் சீட்டு விற்பது இரயில் நிறுவனங்களுக்கு இலாபமான தொழிலாயிற்று. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளில் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்தலாகாது என விதித்தது. பிறரும் மெல்ல அவ்வுரிமையைப் பெற்றனர். இரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதினால் மூன்று மணிக்குத் திடலில் நிற்கலாம். இங்கிலாந்தில் சனிக்கிழமை ஆட்டங்கள் இன்றும் மூன்று மணிக்குத் தொடங்கும் மரபுக்கு வேர் இங்கே இருக்கின்றது.

1888இல் 12 கழகங்களுடன் காற்பந்து லீக் தோன்றியது. மறு ஆண்டே, 1889 கிறிஸ்துமஸ் அன்று, பிரஸ்டன் நார்த் எண்டும் ஆஸ்டன் வில்லாவும் லீக் ஆட்டம் ஆடின. பிரஸ்டன் 3-2 என வென்றது. அதன்பின் கிறிஸ்துமஸ் ஆட்டமும் பெட்டி நாள் ஆட்டமும் இரட்டைப் பிள்ளைகள் போல் வளர்ந்தன. ஒரே இரு கழகங்கள் முதல் நாள் ஒருவர் ஊரிலும் மறுநாள் மற்றவர் ஊரிலும் மோதும் வழக்கம் உண்டாயிற்று. கிறிஸ்துமஸ் மாலை ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் இரயிலேறி அடுத்த நகரம் சேர்ந்து, மறுநாள் மீண்டும் களத்தில் இறங்குவர். வீட்டு விருந்தைச் சுவைக்க நேரம் இருந்திருக்காது. அந்நாளில் திருநாளன்றும் வண்டிகள் ஓடின என்பதை இங்கே மனத்தில் இருத்துதல் வேண்டும்.

திடல்கள் இருந்த இடமும் கருதத்தக்கது. அவை ஊருக்குள், ஆலைகளுக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும் இடையே இருந்தன. 1920 பெட்டி நாளன்று லிவர்பூலின் குடிசன நெருக்கமான பகுதியிலுள்ள குடிசன் பார்க்கில் டிக்-கெர் மகளிர் குழுவும் செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் குழுவும் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். இடமின்றி வெளியே நின்றோரும் பல்லாயிரவர். (அடுத்த ஆண்டே காற்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் திடல்களில் மகளிர் ஆடுவதைத் தடை செய்தது, அத்தடை நீங்க ஐம்பதாண்டுகள் பிடித்தன. அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.) லௌரி என்னும் ஓவியர் 1953இல் தீட்டிய ‘ஆட்டம் காணச் செல்லுதல்’ என்னும் புகழ்பெற்ற ஓவியம் போல்டன் நகரின் பர்ன்டன் பார்க் திடலைக் காட்டுவது. அதில் எறும்புச் சாரி போல் மக்கள் நாற்புறமிருந்தும் திடலை நோக்கி நடக்கின்றனர். நடக்கின்றனர் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இதே போல்டன் நகரில் 1901இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன். இரயிலுக்கும் பந்தாட்டத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று காற்பந்துச் சங்கக் கிண்ண இறுதியாட்டம் தென் இலண்டனின் கிரிஸ்டல் பேலஸ் திடலில் நடைபெற்றது. டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகமும் ஷெஃபீல்டு யுனைடெட் கழகமும் மோதின. திடலை ஒட்டி இரு இரயில் நிலையங்கள் இருந்தன. வடநாட்டிலிருந்தும் சிறப்பு வண்டிகள் வந்தன. 1,10,820 பேர் கண்ட அவ்வாட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. ஆகவே மறு ஆட்டம் ஏப்ரல் 27 அன்று போல்டனில் நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. நகரம் பெருங்கூட்டத்தை எதிர்நோக்கியது. உணவுக் கடைக்காரர்கள் இறைச்சிப் பணியாரங்களை மலைபோல் செய்து அடுக்கினர். ஆனால் அப்போது போல்டன் நிலையம் புதுப்பித்துக் கட்டப்பட்டுக் கொண்டிருந்தது. கூட்டத்தைத் தாங்க இயலாது என்று அஞ்சிய லங்காஷயர்-யார்க்ஷயர் இரயில் நிறுவனம் மலிவுச் சீட்டு வழங்க மறுத்துவிட்டது. விளைவு யாது? ஒரு வாரத்துக்கு முன் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்ட அதே இரு கழகங்களின் ஆட்டத்தைக் காண வந்தோர் 20,470 பேரே. டாட்டன்ஹாம் 3-1 என வென்றது. லீக் தோன்றிய பின் லீக்கில் இல்லாத கழகம் ஒன்று அக்கிண்ணத்தை வென்றது அந்த ஒருமுறைதான். ஆயினும் போல்டன் மக்கள் அந்நாளை நினைவில் வைத்தது வெற்றியாளரைக் கொண்டன்று; விற்காமல் மிஞ்சிய பணியாரத்தைக் கொண்டே. ‘பணியாரச் சனிக்கிழமை’ என்று அந்நாளுக்குப் பெயரிட்டனர்!

ஐந்து பேர் வர வேண்டிய இடத்தில் ஒருவர் வந்தார் என்பது இதன் கணக்கு. ஆட்டத்தின் சிறப்புக் குறையவில்லை. சீட்டின் விலை மட்டுமே மாறியது.

இனிக் கிறிஸ்துமஸ் ஆட்டத்தின் முடிவைக் காண்போம். முழு அளவிலான கிறிஸ்துமஸ் நாள் ஆட்ட வரிசை இங்கிலாந்தில் கடைசியாக நடந்தது 1957இல். 1965இல் பிளாக்பூலும் பிளாக்பர்ன் ரோவர்ஸும் ஆடியதே அந்நாட்டின் இறுதிக் கிறிஸ்துமஸ் லீக் ஆட்டம். பிளாக்பூல் 4-2 என வென்றது. கிறிஸ்துமஸை 1958இல்தான் பொது விடுமுறையாக ஏற்ற ஸ்காட்லாந்தில் 1976 வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தன. காரணம் ஒன்றன்று, பல. 1956 முதல் லீக் ஆட்டங்களை மின்விளக்கொளியில் இரவில் நடத்த வழி ஏற்பட்டது. வார நாள் இரவுகளில் ஆட இயன்றபின் விடுமுறை நாட்களில் ஆட்டங்களை நெருக்கி அடைக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. திருநாளை வீட்டில் குடும்பத்துடன் கழிக்கும் வழக்கமும் வலுத்தது. இவற்றோடு சேர்ந்து அந்நாளில் ஓடிய இரயில்களும் பேருந்துகளும் அருகின.

இந்தக் கடைசிக் காரணத்தைக் குறையாகச் சொல்வோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. 1871இன் சட்டம் வங்கி எழுத்தருக்கும் கடைக்காரருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஓய்வு தந்தது; இரயில் ஓட்டுநருக்கும் கொடி அசைப்பவருக்கும் சீட்டுக் கிழிப்பவருக்கும் அதே நாள் ஆண்டின் மிகக் கடுமையான வேலை நாளாயிற்று. பிறர் களிக்கும் பொருட்டுத் தம் திருநாளை இழந்தோர் அவர்கள். பின்னர் அவர்களுக்கும் அந்நாள் கிடைத்ததெனில் அது நீதியே. இன்றோ வேறொரு காரணமும் சேர்ந்துள்ளது. வண்டி ஓடாத அவ்விரு நாட்களைத்தான் தண்டவாளங்களையும் பாலங்களையும் செப்பனிடும் பொறியியல் பணிகளுக்கு இரயில் நிர்வாகம் பயன்படுத்திக் கொள்கின்றது. 2014ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பணிகள் குறித்த நேரத்தில் முடியாமல், டிசம்பர் 27 அன்று இலண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையம் அடைபட்டு, பயணிகள் சிறிய ஃபின்ஸ்பரி பார்க் நிலையத்தில் மணிக்கணக்கில் தவித்தது இதன் மறுபக்கம்.

கிறிஸ்துமஸ் ஆட்டம் மறைந்தது; பெட்டி நாள் ஆட்டம் மறையவில்லை. இரயில் போயிற்று, ஆட்டம் நின்றது. திடல் ஊருக்குள் இருக்கும்வரை இதனால் பெருந்தொல்லை இல்லை. உள்ளூர்க்காரர் லௌரியின் ஓவியத்தில் நடப்பது போல் நடந்தே சென்று வந்தனர். தொல்லை மிகுந்தது திடலே ஊரைவிட்டு வெளியேறிய பின்னர்தான்.

1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ திடலில் நெரிசலில் சிக்கி 97 உயிர்கள் பலியான கொடுமைக்குப் பின், நீதிபதி டெய்லர் 1990இல் அளித்த அறிக்கை பெரிய கழகங்களின் திடல்களில் அனைவர்க்கும் இருக்கை வேண்டும் என்றது. நூறாண்டுப் பழமையுடைய நெருக்கமான திடல்களைத் திருத்துவதினும் நகருக்கு வெளியே மலிவான நிலத்தில் புதிய அரங்கம் எழுப்புவது எளிது எனப் பல கழகங்கள் எண்ணின. பணியாரம் மிஞ்சிய அதே போல்டன், 1997இல் பர்ன்டன் பார்க்கை விட்டு, நகர மையத்திலிருந்து பல மைல் தள்ளி ஹார்விச்சின் பக்கம் குடிபெயர்ந்தது. அங்கே இரயில் நிலையம் திறக்கப்பட்டது 1999இல். ரெடிங் நகரம் 1998இல் நெடுஞ்சாலையோரம் அரங்கம் கட்டியது. அதன் அருகே நிலையம் வந்தது 2023இல்! முதலில் வீட்டைக் கட்டி, கால் நூற்றாண்டு கழித்து வாசலுக்கு வழி வெட்டிய கதை இது.

இக்குறையைத் தொடக்கத்திலேயே தவிர்த்த கழகம் பிரைட்டன். ஆதலின் அதனைச் சிறிது நின்று காணுதல் தகும்.

பிரைட்டன் அண்டு ஹோவ் ஆல்பியன் கழகம் 1902 முதல் ஹோவ் நகரின் கோல்ட்ஸ்டோன் திடலில் ஆடியது. ஹோவ் இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லலாம். கழகத்தின் அக்கால உரிமையாளர்கள் திடலை விற்றுவிட்டனர். 1997 ஏப்ரல் 26 அன்று டான்காஸ்டர் ரோவர்ஸ் கழகத்துடன் நடந்த ஆட்டம் அங்கு கடைசி. இரசிகர்கள் புல்லையும் இருக்கைகளையும் நினைவுப் பொருளாகப் பெயர்த்துச் சென்றனர். பின்னர் அவ்விடத்தில் கடைகள் எழுந்தன. வீடிழந்த கழகம் இரண்டு பருவங்கள் கென்ட் மாவட்டத்தின் கில்லிங்ஹாமில் ஒண்டியிருந்தது. ‘சொந்தத் திடல்’ என்ற பெயரில் எழுபது மைலுக்கு அப்பால் சென்று ஆடினர். அவ்வளவு தொலைவும் தொடர்ந்து சென்று கண்டோர் இருந்தனர் என்பதே அக்கழகம் பிழைத்ததற்குக் காரணம்.

1999இல் பிரைட்டனுக்குத் திரும்பியபோது கிடைத்தது வித்டீன் என்னும் சிறிய ஓட்டப் பந்தயத் திடல். ஒன்பதாயிரத்துக்கும் குறைவானோர்க்கே இடம். சுற்றிலும் அமைதியான குடியிருப்பு. அண்டை வீட்டார் அஞ்சியது பந்தை அன்று, கார்களை. ஆகவே சுற்றுப்புறத் தெருக்களில் ஆட்ட நாளில் வெளியார் கார் நிறுத்தலாகாது எனவும், ஆட்டச் சீட்டுடன் பேருந்து, இரயில் பயணமும் இலவசம் எனவும் ஏற்பாடு செய்யப்பட்டது. வேறு வழியின்றிச் செய்த இவ்வேற்பாடு பன்னிரண்டாண்டுகளில் ஒரு நகரத்து இரசிகர்களையே பொதுப் போக்குவரத்துக்குப் பழக்கிவிட்டது. நெருக்கடியும் சிலவேளை நல்லாசிரியனாகிறது.

நிலையான அரங்கத்துக்கென அவர்கள் தேர்ந்த இடம் நகர மையத்திலிருந்து சுமார் 4 மைல் வடகிழக்கில் உள்ள ஃபால்மர். குன்றுகளின் அழகு கெடும், சாலை நெரியும் என்று எதிர்ப்பு எழுந்தது. நகராட்சி 2002இல் இசைந்தும், பொது விசாரணைகள் நடந்து, 2005இல் துணைப் பிரதமர் ஜான் பிரஸ்காட் அனுமதி அளித்தும், லூயிஸ் மாவட்ட மன்றம் வழக்குத் தொடுக்க, மீண்டும் ஆராய்ந்து 2007இல் அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் உறுதி செய்த பின்னரே வேலை தொடங்கியது. ஃபால்மருக்கு இருந்த பெரிய வலிமைகளுள் ஒன்று அதன் இரயில் நிலையம். பிரைட்டன்–லூயிஸ் தடம் 1846லேயே அமைந்தது; சசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் நாள்தோறும் இறங்கும் நிலையம் அது. அரங்கம் அதன் மடியிலேயே எழுந்தது. பிரைட்டன் நிலையத்தில் ஏறினால் பத்து நிமிடத்தில் இறங்கலாம். 2011இல் திறக்கப்பட்ட இவ்வரங்கத்திலும் சீட்டோடு பயணம் இலவசம் என்னும் வித்டீன் வழக்கம் தொடர்ந்தது. முதலில் இருபத்தீராயிரம் பேருக்கு இருந்த இடம் பின்னர் முப்பதாயிரத்தைத் தாண்டியது. ஆட்டம் முடிந்தபின் இரண்டே மேடைகள் கொண்ட அச்சிறு நிலையத்தின் முன் வரிசை நெடிது நீளும். எனினும் வண்டி வரும்.

பெட்டி நாளில் வராது. கிழக்குக் கரையோரத் தடத்தில் அந்நாளில் வண்டி ஓடுவது வழக்கமில்லை. 2018 பெட்டி நாள் மாலை ஆர்சனல் கழகம் அங்கே வந்து 1-1 எனச் சமன் செய்தது. 2021 பெட்டி நாளில் மேற்கு இலண்டனின் பிரென்ட்ஃபோர்டு வந்து 0-2 எனத் தோற்றது. தொலைக்காட்சியின் பொருட்டு அவ்வாட்டம் இரவு 8 மணிக்குத் தொடங்கியது. எந்த நிலையத்தைக் காட்டி அவ்வரங்கத்துக்கு இடம் பெற்றார்களோ, அந்த நிலையம் ஆண்டின் மரபு வழி ஆட்ட நாளில் பயன்படாது போகின்றது. ஆயிரக்கணக்கானோரின் சுமையைப் பேருந்துகளும், காரை நிறுத்திவிட்டுப் பேருந்தேறும் இடங்களும், இயன்றவரின் கால்களும் சுமக்கின்றன. ஹேஸ்டிங்ஸிலிருந்தோ ஈஸ்ட்போர்னிலிருந்தோ வரும் முதியவர் ஒருவர்க்குக் கார் இல்லையெனின், அவர் வானொலியைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

ஊருக்குள் இருக்கும் அரங்கமும் இதற்கு முற்றும் விலக்கன்று. வடக்கு இலண்டனின் நடுவே உள்ள ஆர்சனல் அரங்கத்துக்குச் சுரங்க இரயிலே உயிர்நாடி. 2012 பெட்டி நாளன்று சுரங்க இரயில் ஓட்டுநர்கள் விடுமுறை நாள் ஊதியம் குறித்து வேலைநிறுத்தம் செய்ததால் வெஸ்ட் ஹாமுடன் நடக்கவிருந்த ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டு, அடுத்த ஜனவரி 23 அன்று நடந்தது. ஓட்டுநர் இல்லையேல் ஆட்டம் இல்லை என்பதை அதிகாரிகள் அன்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். ஃபால்மர் போன்ற இடங்களில் ஒவ்வொரு பெட்டி நாளும் ஓட்டுநர் இல்லை. ஆயினும் ஆட்டம் ஒத்திவைக்கப்படுவதில்லை. அந்த வேறுபாட்டைச் சுமப்பவர் இரசிகரே.

ஆகவே குற்றம் யார்பால்? இரயில் தொழிலாளியின் திருநாளைப் பறித்து இரசிகரிடம் கொடு என்பது தீர்வாகாது. ஆனால் யார் எங்கே யாருடன் எந்த மணிக்கு மோதுவர் என்று வகுப்போர்க்கு இவை தெரியாதவை அல்ல. அருகருகே உள்ள ஊர்க் கழகங்களைப் பெட்டி நாளில் இணைப்பதும், பகல் வெளிச்சத்தில் ஆட்டத்தை முடிப்பதும் அவர்கள் கைக்குள் உள்ளவை. செய்கின்றனரா என்பதற்கு 2025 சான்று. அவ்வாண்டுப் பெட்டி நாளில் பிரீமியர் லீக் வைத்தது ஒரே ஓர் ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக நியூகாசல். இரு நகரங்களுக்கும் இடையே நூறு மைலுக்கும் மேல்; தொடங்கிய நேரம் இரவு 8 மணி. நியூகாசல் இரசிகர்கள் திரும்ப இரயில் இல்லை.

பிரைட்டனில் லூயிஸ் சாலை வழியாகப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் 25ஆம் எண் பேருந்து, அரங்கத்தின் அருகே நிற்கின்றது. மற்ற நாட்களில் அதில் ஏறுவோர் பெரும்பாலும் புத்தகப் பை சுமந்த மாணவர்கள்.